புரட்டாசி, காரைக்கால்

செப்டம்பர் 20, சனி

முதல் சனி. ஆஸ்பத்திரியில் அத்தை கண் திறந்ததும், "கவுச்சி எதுவும் தொடலையே?" என்றார். இல்லை என்றேன். அதற்கு மேல் பேச விடவில்லை, வெளியே அனுப்பிவிட்டார்கள்.

செப்டம்பர் 22, திங்கள்

வியட்நாம் சாப்பாட்டுக் கடை அக்காவிடம் ஃபோ, அதாவது அரிசி நூடுல்ஸ் சூப். 80 ரூபாய். சைவத்துக்குத் தனிப் பானை. வெங்காயத்தையும் இஞ்சியையும் தோலோடு நெருப்பில் கருகச் சுட்டு, கருக்கைச் சுரண்டிவிட்டு, முள்ளங்கி, கேரட், காய்ந்த காளான், அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு எல்லாம் போட்டு மணிக்கணக்கில் கொதிக்க விடுகிறார். எலும்பே இல்லாமல் இவ்வளவு ருசி. மேலே முளைகட்டிய பயறு, டோஃபு, கிள்ளிப் போட்ட திருநீற்றுப்பச்சிலை. எழுந்து வரும்போது சட்டையில் வார்டு வாடை போய் அன்னாசிப்பூ மணந்தது. அதற்காகவே நாளைக்கும் போவேன்.

செப்டம்பர் 24, புதன்

கால் வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது.

செப்டம்பர் 27, சனி

பக்கத்து மேஜைப் பெரியவர் நெம் என்ற பொரித்த சுருள் வாங்கிவிட்டு, தொட்டுக்கொள்ளும் கிண்ணத்தை முகர்ந்து பார்த்தபடியே இருந்தார். நியாயமான சந்தேகம்தான். நெத்திலியும் உப்பும் மாதக்கணக்கில் ஊறி இறங்கும் நுவொக் மாம் இல்லாமல் வியட்நாம்காரர்களுக்குச் சமையல் ஓடாது. உள்ளே வெறும் காளானும் சேமியாவும் இருந்தாலும் கிண்ணத்தில் மீன் இருக்கும். அக்கா இதில் ரொம்பக் கறார். சைவக் கிண்ணத்துக்குச் சோயா சாஸ், எலுமிச்சை, சர்க்கரை, பூண்டு, மிளகாய், கரண்டிகூட வேறு. "தைரியமா தொட்டுக்குங்க ஐயா, புரட்டாசி எனக்கும்தான்" என்றார்.

செப்டம்பர் 29, திங்கள்

அத்தை ஃபோ கேட்கிறார்.

செப்டம்பர் 30, செவ்வாய்

உப்பு. காலையிலிருந்து மனதில் வேறு எதுவும் ஓடவில்லை. டாக்டர் கண்டிப்பாகக் குறைக்கச் சொல்லியிருக்கிறார், தண்ணீரும் அளந்துதான். சூப் என்றால் இரண்டும் சேர்ந்தே உள்ளே போகும். சோயா சாஸ் விடாமல் செய்யலாம், ஆனால் சைகோனில் பிறந்து 23 வயதுவரை அங்கே சாப்பிட்ட நாக்கு அதை ஒப்புக்கொள்ளுமா? தாத்தா அங்கே பிரெஞ்சுக்காரர்களிடம் குமாஸ்தா. 1954-இல் காரைக்கால் இந்தியாவோடு சேர்ந்தபோதும் அவர் அங்கேயே இருந்துவிட்டார். 1975-இல்தான் எல்லோரும் திரும்பினார்கள். அங்கே மாரியம்மன் கோயிலில் வியட்நாம்காரர்களும் வரிசையில் நின்று கும்பிடுவார்கள் என்று அத்தை சொல்லாத நவராத்திரி கிடையாது. இந்த வருஷம்தான் சொல்லவில்லை. கஞ்சியை நர்ஸ் ஊட்டினாலும் துப்புகிறார், நான் ஊட்டினாலும் துப்புகிறார். வாயைத் திறந்து கேட்டது இது ஒன்றுதான். உப்பு எவ்வளவு போகலாம்? அரைக் கிண்ணம் குடித்தால் தண்ணீர்க் கணக்கில் எவ்வளவு கழிப்பது? டியூட்டி டாக்டர் பெரிய டாக்டரைக் கேளுங்கள் என்கிறார். பெரிய டாக்டர் வியாழன் வருவாராம்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. கடை பூட்டு. கேன்டீன் இட்லி தொண்டையில் இறங்கவில்லை.

அக்டோபர் 2, வியாழன்

பெரிய டாக்டர் வரவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

பௌர்ணமி. இன்று கடையில் சைவம் மட்டும். சந்திரக் கணக்கில் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் வியட்நாமில் பௌத்தர்கள் பலர் கறி மீன் தொடமாட்டார்கள், அக்காவின் அம்மா காலத்துப் பழக்கம். இன்று எட்டாம் மாதப் பௌர்ணமி, பிள்ளைகள் விளக்கு ஏந்திப் போகும் நாளாம். பான் சேவ் சுட்டுக் கொடுத்தார். அரிசிமாவு, மஞ்சள், தேங்காய்ப்பால். ஓரம் நம் ரவா தோசைபோல மொறுமொறுவென்று இருக்கிறது. கீரை இலையில் சுருட்டித் தின்ன வேண்டும். நன்றாகச் சாப்பிட்டேன். அத்தையை நினைத்ததும் கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

கொடுக்கலாம்! நூறு மில்லி, சாஸ் கூடாது. அக்காவிடம் சொன்னதும், "காளானைக் கூடப் போட்டு எலுமிச்சையைத் தூக்கலா வுடுறேன் தம்பி, உப்பு கொறையறது தெரியாது" என்றார். காசு பேச்சே எடுக்கவில்லை.

அக்டோபர் 11, சனி

நான்காம் சனி. தூக்கைத் திறந்ததும் அத்தை மூக்கை உறிஞ்சினார். முழுதும் குடித்தார். "நூடுல்ஸ் எங்கடா?" என்றார். நாளை பொது வார்டுக்கு மாற்றுகிறார்களாம், கீழே போய்ப் பணம் கட்ட வேண்டும்.