பழைய டீசல் பிக்கப்பும் எங்கள் கிணற்றுத் தண்ணீரும்

சென்ற மாதம் என் தங்கையின் கணவர் பாவித்த பிக்கப் ஒன்று வாங்க வேண்டும் என்று சொன்னபோது, எந்தக் கொம்பனியுடையது நல்லது என்பதே அவருடைய முதற் கேள்வியாக இருந்தது. வன்னியிலுள்ள விசுவமடுவில் நெல்லும் கச்சானும் செய்கிற ஒருவர் அப்படிக் கேட்பது இயல்புதான். பத்தாண்டுகளுக்கு முன்னர் நானும் அதையே கேட்டேன். டொயோட்டா ஹைலக்ஸ் என்ற ஒரே விடைதான் எல்லாரிடமிருந்தும் கிடைத்தது. அதை நம்பி 1990களில் உற்பத்தியான ஒன்றை வாங்கினேன். பதினாறு மாதங்கள் கழித்து, ஏ9 வீதியில் கனகராயன்குளத்துக்கு அருகே, இஞ்சினின் மேற்பகுதியான சிலிண்டர் ஹெட் வெடித்த வாகனத்தின் பக்கத்தில் நெல் மூட்டைகளோடு நின்றேன். அந்த இஞ்சினை வடித்தவர்கள் மீது பிழையில்லை. அதற்குள் ஆண்டுக்கணக்காக ஊற்றப்பட்ட தண்ணீரே அதைக் கெடுத்தது.

அது 3எல் என்று குறிக்கப்படும் 2779 சீசி இஞ்சின். டேர்போ இல்லை, கணினி இல்லை. டீசலை அளந்து கொடுப்பது முழுக்க முழுக்க இயந்திரமுறைப் பம்ப்தான். டீசல் இஞ்சினில் தீப்பொறிக்கு வேலையில்லை. காற்றை ஏறத்தாழ 22 மடங்கு அழுத்தும்போது பிறக்கும் வெப்பத்திலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. ஓடத் தொடங்கிய பின்னர் அதற்கு மின்சாரம் தேவைப்படுவது, டீசலின் வழியைத் திறந்து வைத்திருக்கும் ஒரு சிறிய சொலினோயிட்டுக்கு மட்டுமே. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டியும், பற்றரி இல்லாமல் தள்ளி ஸ்டார்ட் செய்தும் வாழ்ந்த தலைமுறை இத்தகைய இஞ்சின்களைக் கொண்டாடுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த அழுத்தத்துக்கும் வெப்பத்துக்கும் ஈடுகொடுக்க வேண்டிய ஹெட், தன்னைச் சுற்றி ஓடும் தண்ணீரை நம்பியே இருக்கிறது.

அன்று பதினைந்து மூட்டைகளுடன் வவுனியாவுக்குப் போய்க்கொண்டிருந்தேன். மாங்குளம் தாண்டியதும் இழுவை குறைவதை உணர்ந்தேன். வெப்பமானியைப் பார்த்தேன், முள் வழக்கமான நடுப்புள்ளிக்குச் சற்றுக் கீழேயே நின்றது. முள்ளை நம்பி இன்னும் சில கிலோமீற்றர் ஓட்டினேன். ரேடியேற்றரின் கீழ்க் குழாய் பிளந்து தண்ணீர் முழுவதும் போய்விட்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. அந்த வெப்பமானியின் உணரி தண்ணீரில் மூழ்கியிருக்கும்போதுதான் உண்மையைச் சொல்லும். தண்ணீர் போய் வெறும் காற்றில் நின்றால், இஞ்சின் எரிந்துகொண்டிருக்கும்போதும் முள் கீழே இறங்கக்கூடும். வண்டியை நிறுத்திய பின்னர் பக்கத்துக் கடையில் வாங்கிய தண்ணீரை, ஆற விடாமல், கொதிக்கிற இஞ்சினுக்குள் ஊற்றினேன். குளிர்ந்து சுருங்கும் இரும்பும் விரிந்த இரும்பும் ஒரே நேரத்தில் இழுபட்டால் என்ன நடக்குமோ அதுவே நடந்தது. இழுவை குறைகிறது, முள்ளோ வழக்கத்தைவிடக் கீழே நிற்கிறது என்றால், உடனே நிறுத்திவிட வேண்டும் என்பதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம் என்று இன்றும் வருந்துகிறேன்.

பரந்தனில் கராஜ் வைத்திருக்கும் அண்ணை ஹெட்டைக் கழற்றி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். “தம்பி, இது ஒரு நாளில வந்த வெடிப்பில்லை, வருசக்கணக்கா வந்தது” என்று சொல்லி, தண்ணீர் ஓடும் துளைகளைக் காட்டினார். தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்தலின் அடியில் படிகிற அதே வெண்படை, அங்கே விரற்கனத்தில் பாதியளவுக்குப் படிந்து துளைகளை ஒடுக்கியிருந்தது. வன்னியின் பல இடங்களில் கிணற்று நீரில் கல்சியம், மக்னீசியம் உப்புகள் மிகுதி. அதைச் சூடாக்கச் சூடாக்க உப்பு பிரிந்து உலோகத்தில் ஒட்டிக்கொள்கிறது. அந்தப் படை வெப்பத்தைக் கடத்துவதில் இரும்போடு ஒப்பிடவே முடியாத அளவுக்கு மோசமானது. ஆகவே தண்ணீர் நிறைய இருந்தாலும் ஹெட்டின் சூடு தண்ணீருக்கு வந்து சேர்வதில்லை. எனக்கு முன்னர் அந்த வாகனத்தை வைத்திருந்தவர்கள், தண்ணீர் குறையும்போதெல்லாம் கிணற்றிலோ வாய்க்காலிலோ அள்ளி ஊற்றியிருக்க வேண்டும். நானும் அப்படித்தான் ஊற்றினேன்.

இன்னும் இரண்டு குறைகளையும் அவர் கண்டுபிடித்தார். ரேடியேற்றர் மூடியின் வில் தளர்ந்து போயிருந்தது. நல்ல மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால் தண்ணீர் 100 பாகையில் கொதிக்காமல் 118 அல்லது 120 பாகை வரை தாக்குப்பிடிக்கிறது. மூடி தளர்ந்தால் அந்த இடைவெளி முழுவதும் இல்லாமற் போகிறது. மற்றையது, இஞ்சின் சூடேறும் வரை ரேடியேற்றருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் தேமோஸ்ரற் என்ற வால்வு இல்லாதது. இது வெப்ப நாடு, இங்கே அது தேவையில்லை என்று சொல்லி அதைக் கழற்றி எறிவது எங்கள் பக்கத்தில் பரவலான வழக்கம். இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். தேமோஸ்ரற் இல்லாத இஞ்சின் உரிய சூட்டுக்கு வரப் பிந்துகிறது, பிஸ்ரன் வளையங்கள் தேய்கின்றன, டீசலும் வீணாகிறது. சில இஞ்சின்களில் தண்ணீரின் ஒரு பகுதி ரேடியேற்றருக்குப் போகாமலே சுற்றி வந்து, பாரம் ஏற்றும்போது சூடு கூடுகிறது. அன்றிலிருந்து ஐப்பசி, கார்த்திகை மழையில் கூரைத் தண்ணீரைக் கான்களில் பிடித்து, வடித்து வைத்து, அதனோடு கூலன்ட் என்ற குளிர்விப்புத் திரவத்தைக் கலந்துதான் ஊற்றுகிறேன். காசு செலவில்லாமல் கிடைக்கிற மென்மையான நீர் எங்களுக்கு மழைநீர்தான்.

ஹெட்டை ஒட்டுவதைவிட, கொழும்பு பஞ்சிகாவத்தையில் வந்திறங்கும் பாவித்த ஜப்பான் இஞ்சின் ஒன்றை மாற்றுவது மேலென்று தீர்மானித்து அப்படியே செய்தேன். இஞ்சின் நன்றாகவே ஓடியது. துன்பம் வேறு வழியாக வந்தது. எங்கள் நாட்டில் வாகனப் பதிவுப் புத்தகத்தில், சட்டகத்தில் பொறித்த செசி இலக்கத்தோடு இஞ்சின் இலக்கமும் இருக்கிறது. இஞ்சினை மாற்றினால், அதை எங்கே வாங்கினோம் என்பதற்கான ஆவணங்களோடு மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் அறிவித்துப் புத்தகத்தைத் திருத்த வேண்டும். நான் பற்றுச்சீட்டைத் தொலைத்துவிட்டேன். அதோடு, நான் அந்த வாகனத்தை வாங்கியதே ஓப்பன் பேப்பரில்தான். அதாவது, புத்தகத்தில் பெயருள்ளவர் கையொப்பமிட்ட படிவத்தை வைத்துக்கொண்டு மூன்று பேரின் கை மாறி என்னிடம் வந்திருந்தது. புத்தகத்திலுள்ள உரிமையாளரைத் தேடிக் கண்டுபிடித்து, விற்ற கடையிலிருந்து பற்றுச்சீட்டின் பிரதியை வாங்கி, நாரஹேன்பிட்டியிலுள்ள அந்தத் திணைக்களத்துக்கு நான்கு முறை போய் வந்த பின்னரே அந்த வாகனம் சட்டப்படி என்னுடையதாயிற்று. பணம் கொடுத்தும், திருத்தியும், நாள்தோறும் ஓட்டியும் வந்த பொருள் அத்தனை ஆண்டுகளும் வேறொருவருடையதாகவே இருந்திருக்கிறது.

வன்னியில் இந்த விடயம் மற்ற இடங்களைவிடக் கனமானது. 2009இல் எங்கள் குடும்பத்தின் லொறியும் அதன் புத்தகமும் முள்ளிவாய்க்காலில் போயின. அங்கே மலைபோலக் குவிந்து துருப்பிடித்த வாகனங்களை இங்குள்ள எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஒரு வாகனம் யாருடையது என்பதற்குக் கடதாசியைத் தவிர வேறு சாட்சி இல்லாமற் போகக்கூடும் என்பதை நாங்கள் அனுபவித்தே அறிந்தோம். அப்படியிருந்தும் செசி இலக்கத்தைத் துடைத்துப் பார்க்காமல் முற்பணம் கொடுக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். புத்தகத்தில் பூரண உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் நிறுவனத்தின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான கடிதத்தைக் கையில் வாங்காமல் ஒரு ரூபாவும் கொடுக்கக் கூடாது என்று மைத்துனருக்குச் சொன்னேன்.

இருவருமாக மூன்று வாகனங்களைப் பார்த்தோம். முதலாவது வவுனியாவில். காலை ஏழு மணிக்கே போய்விட்டோம். ஆனாலும் பொனற்றில் கை வைத்தபோது சூடு இருந்தது. டீசல் அடிக்கப் போய் வந்ததாக விற்பவர் சொன்னார். மறுநாள் வருகிறோம், தயவுசெய்து ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருங்கள் என்று கேட்டுக்கொண்டு, மறுநாளும் போனோம். ஆறிய இஞ்சின் நெடுநேரம் உதறி, வெண்புகை கக்கி எழுந்தது. ஒயில் மூடியைத் திறந்ததும் ஆவி தள்ளியது. வளையங்கள் போய்விட்டன. இரண்டாவது 4டி56 இஞ்சின் பூட்டிய மிட்சுபிஷி எல்200. அதில் வால்வுகளை இயக்கும் ரைமிங் பெல்ட்டோடு, அதிர்வைத் தணிக்கும் தண்டுகளுக்கென இன்னொரு சிறிய பெல்ட்டும் உண்டு. சிறியது அறுந்து பெரியதற்குள் சிக்கினால் வால்வுகள் வரை சேதம் போகும். விற்பவருக்குச் சிறிய பெல்ட் இருப்பதே தெரிந்திருக்கவில்லை. அதன் ஹெட் அலுமினியம், புளொக் இரும்பு. சூடேறினால் இரண்டும் ஒரே அளவில் விரிவதில்லை. பராமரிப்புக் கணக்கு இல்லாத அந்த வாகனத்தை வாங்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

கணினி கட்டுப்படுத்தி உயர் அழுத்தத்தில் டீசலைத் தெளிக்கும் கொமன் ரெயில் இஞ்சின் பூட்டிய புதிய மாதிரி ஒன்றை ஏன் பார்க்கவில்லை என்று மைத்துனர் கேட்டார். அவை பலமும் சிக்கனமும் உள்ளவைதான். பெரிய நகரத்துக்கு அருகில் இருந்திருந்தால் நானே அவற்றைச் சொல்லியிருப்பேன். ஆனால் அவற்றின் இன்ஜெக்ரர்கள் ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில், மயிரிழை போன்ற நுண்ணிய துளைகளால் டீசலைத் தெளிப்பவை. 2022 ஆனியில் ஒட்டோ டீசல் லீற்றர் 460 ரூபாவாகி, வரிசையில் நாட்கணக்காக நின்ற காலத்தில், கிடைத்த டீசலைப் பரல்களில் சேர்த்து வைத்து ஊற்றியவர்கள் ஏராளம். பரலின் அடியில் தண்ணீர் தங்கும். டீசல் அதற்கு மேலே மிதக்கும். அந்தத் தண்ணீர் பழைய பம்பையும் கெடுக்கும் என்றாலும், கொமன் ரெயிலை விரைவாகவே கொன்றுவிடும். எனவே அத்தகைய வாகனம் வாங்குபவர்கள் 2022இல் அது எப்படி ஓடியது என்பதைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

மூன்றாவது வாகனம் மல்லாவியில் இருந்தது. 4ஜேஏ1 இஞ்சின் பூட்டிய ஒற்றை வரிசை இருக்கை கொண்ட இசுசு சிங்கிள் கப், 2499 சீசி, மிகுந்த இரைச்சல், நிறம் வெளுத்த பெட்டி. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது ஏறிய விலை, 2025இல் மீண்டும் திறந்த பின்னரும் பெரிதாக இறங்காததால், கேட்ட தொகை எங்களுக்குக் கடினமாகவே இருந்தது. ஆயினும் ரேடியேற்றர் மூடியைத் திறந்தபோது உள்ளே பச்சை நிறக் கூலன்ட் தெளிவாக இருந்தது. தேமோஸ்ரற் அதன் இடத்தில் இருந்தது. உரிமையாளரான ஐயா, செம்மண் வீதியில் ஓடுவதால் எயார் ஃபில்டரை எப்போதெல்லாம் மாற்றினேன் என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார். இஞ்சின் இலக்கத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, புத்தகத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டோம், பொருந்தியது. புத்தகத்தில் அவருடைய பெயரே முதலும் கடைசியுமாக இருந்தது.

சென்ற வியாழக்கிழமை பெயர் மாற்றத்துக்கான படிவங்களைக் கொடுத்துவிட்டோம். காலபோக விதைப்புக்கு முன்னர் குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றும்படி சொல்லியிருக்கிறேன். கடந்த மாரியில் பிடித்த மழைநீரில் இரண்டு கான்களை அவருடைய வாகனத்தின் பின்பெட்டியில் ஏற்றிவிட்டிருக்கிறேன்.