ஹேங்கரைக் காட்டுங்கள் என்று கேட்டேன்

"எவ்வளவு ஆகும்ங்க?"

பைலட் லைசென்ஸ் எடுக்கப் பயிற்சிப் பள்ளியில் சேரப் போகிறேன் என்றதும், இரண்டு நாள் யோசித்துவிட்டு மனைவி கேட்ட ஒரே கேள்வி அதுதான். ஐம்பது லட்சம் பக்கம் வரும் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "சரி. ஆனா மொத்தமா ஒரே இடத்துல கட்டிடாதீங்க" என்றாள். மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். கையில் இருந்தது கிராஜுவிட்டியும், பென்ஷனில் பாதியைக் கம்யூட் செய்து, அதாவது முன்கூட்டியே மொத்தமாக, வாங்கிய தொகையும்தான். போனால் திரும்பி வராத பணம்.

நான் 2003-இல் விமானப்படையில் ஏர்மேனாக, அதாவது அதிகாரி அல்லாத வீரனாகச் சேர்ந்தவன். இன்ஜின் ஃபிட்டர். முதலில் ஹைதராபாத் பக்கம் துண்டிகல் விமானப்படை அகாடமியில் ஹெச்பிடி-32 விமானத்தில் வேலை. லைகாமிங் பிஸ்டன் இன்ஜின் போட்ட சின்ன பயிற்சி விமானம் அது. பறந்துகொண்டிருக்கும்போதே இன்ஜின் நின்றுபோகும் கோளாறு அதற்கு இருந்தது. பல பைலட்டுகளைப் பறிகொடுத்த பிறகு 2009-இல் மொத்தமாகத் தரையில் நிறுத்தினார்கள். அப்புறம் தாம்பரம். அங்கேதான் விமானப்படையின் ஃப்ளையிங் இன்ஸ்ட்ரக்டர்ஸ் ஸ்கூல் இருக்கிறது, கற்றுக்கொடுப்பவர்களுக்கே கற்றுக்கொடுக்கும் இடம். கிரண் என்ற ஜெட் பயிற்சி விமானத்தின் ஏணியில் நின்று அதிகாரிகளுக்கு பெல்ட்டை இழுத்து மாட்டிவிடும்போதெல்லாம், ஒருநாள் நானும் யாருக்காவது பறக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். 2023-இல் இருபது வருடம் முடித்து வெளியே வந்தேன். அந்த நினைப்பு மட்டும் கூடவே வந்துவிட்டது.

வயது பற்றி எல்லாரும் கேட்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த நினைப்புக்கு முதல் படியான கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்குக் குறைந்தபட்ச வயது 18. சேருவதற்கு மேல் வரம்பு கிடையாது. 65 வயது வரை வணிக விமானம் ஓட்டலாம். பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் இருந்தால் போதும், எனக்கு இருந்தது. ரேபரேலி அருகே உள்ள அரசு விமானப் பயிற்சி அகாடமிக்கு வயது வரம்பு உண்டு, அந்தக் கதவு எனக்கு எப்போதோ மூடிவிட்டது. எனவே தனியார் பள்ளிதான்.

பள்ளி தேடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது மெடிக்கல், பறக்க உடல்தகுதி இருக்கிறதா என்ற மருத்துவப் பரிசோதனை. இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: கமர்ஷியல் பைலட்டுக்கான கிளாஸ் 1 மெடிக்கல் சான்றிதழ் கையில் வராமல் எந்தப் பள்ளிக்கும் ஒரு ரூபாய் கட்டாதீர்கள். எனக்குக் காது பயம். இருபது வருடம் ஜெட் இன்ஜின் பக்கத்தில் நின்றவனுக்கு இருக்காதா? பெங்களூருவில் விமானப்படையின் மருத்துவ நிலையமான ஐஏஎம்மில் அந்த ஒலிபுகாத அறைக்குள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தபோது என் நெஞ்சுத் துடிப்புதான் முதலில் கேட்டது. 500, 1000, 2000 ஹெர்ட்ஸில் 35 டெசிபலுக்கு மேல் இழப்பு இருக்கக்கூடாது, 3000-இல் 50 வரை விடுவார்கள். சத்தத்தில் வேலை பார்த்தவர்களுக்கு முதலில் அடிவாங்குவது 4000 பக்கம். என் கிராஃபில் அங்கே ஒரு பள்ளம் நன்றாகவே தெரிந்தது. ஆனால் வரம்பு வைத்திருக்கும் இடங்களில் தேறிவிட்டேன். என்னைப் போன்ற ஃபிட்டர்கள் பலர் இந்தப் பயத்தாலேயே முயற்சி செய்யாமல் இருக்கிறார்கள் என்பதால்தான் இவ்வளவு விவரம்.

சிவில் விமானத் துறையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ நடத்தும் பரீட்சைகளில் ரெகுலேஷனையும் (விமான விதிகள்) டெக்னிக்கல் ஜெனரலையும் வீட்டில் இருந்தே எழுதி முடித்தேன். ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் வேண்டும். வானிலைப் பாடமான மீட்டியரோலஜி இரண்டாவது முறைதான் கிடைத்தது.

அப்புறம் பள்ளிகள். மூன்று இடங்களுக்கு நேரில் போனேன்.

முதல் பள்ளியில் ஏசி அறை, கண்ணாடி மேஜை, அன்பான பேச்சு. "சார், நீங்க டிஃபென்ஸ், உங்களுக்குப் பன்னிரண்டு மாசத்துல முடிஞ்சுடும்." பதினான்கு விமானங்கள் என்று நோட்டீஸில் இருந்தது. விமானங்களை நிறுத்திப் பழுதுபார்க்கும் கொட்டகையான ஹேங்கரைப் பார்க்கலாமா என்று கேட்டேன். பாதுகாப்புக் காரணத்தால் முடியாது என்றார்கள். முழுக் கட்டணத்தையும் முன்பணமாகக் கட்டினால் இரண்டு லட்சம் தள்ளுபடி என்றார்கள்.

வெளியே வந்து கேட் எதிரில் இருந்த டீக்கடையில் உட்கார்ந்தேன். யூனிஃபார்மில் ஒரு பையன் வந்தான், பேச்சிலேயே நம்ம ஊர் என்று தெரிந்தது. நாமக்கல்லாம். சேர்ந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறாய் தம்பி என்று கேட்டேன். "முப்பத்தெட்டு, அண்ணா" என்றான். கமர்ஷியல் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் வேண்டும். அவன் அப்பா நிலத்தை அடமானம் வைத்திருக்கிறார். அந்தப் பையன் டீயைக் குடித்து முடிக்கும் வரை எனக்குப் பேச்சு வரவில்லை.

அன்று இரவு லாட்ஜில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். அதுதான் பின்னால் எனக்குக் கைகொடுத்தது. எத்தனை விமானம் இருக்கிறது என்று கேட்கக்கூடாது. போன மாதம் பள்ளி மொத்தம் எத்தனை மணி நேரம் பறந்தது, பறக்கும் மாணவர்கள் எத்தனை பேர் என்று கேட்க வேண்டும். 300 மணி நேரம் பறந்து 40 மாணவர்கள் இருந்தால் ஆளுக்கு ஏழரை மணி நேரம். 200 மணி நேரத்துக்கு இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும், அதுவும் மழை, மூடுபனி எதுவும் குறுக்கே வராமல் இருந்தால். இருபது வயதில் அது தாமதம். நாற்பத்தொன்றில் அது வேறு. இந்த வயதில் கை ஒன்றைப் பழகுகிறது, பத்து நாள் இடைவெளி விட்டால் மறந்துவிடுகிறது. மறுபடி பழக ஆகும் மணி நேரத்துக்கும் காசு நாம்தான் கட்ட வேண்டும்.

இரண்டாவது பள்ளியில் ஹேங்கரைக் காட்டினார்கள். ஓரமாக இரண்டு செஸ்னா விமானங்கள் நின்றன. ஒன்றில் புரொப்பெல்லர் இல்லை. எக்ஸாஸ்ட் வாய் மூடாமல் திறந்தே கிடந்தது. இன்ஜினை மூடும் கவுலிங் இடுக்கில் வைக்கோல் துண்டு நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துக் குனிந்தேன். உள்ளே, சிலிண்டர் மேல், சிட்டுக்குருவி கூடு. பக்கத்தில் பறக்கத் தயாராக நின்ற விமானத்தில் ஒரு பாகம் மட்டும் பளிச்சென்று வேறு நிறத்தில் இருந்தது. இதிலிருந்து கழற்றி அதில் மாட்டியிருக்கிறார்கள் என்று எங்களைப் போன்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முறையாகப் பதிவு செய்து மாட்டினால் அது தவறும் அல்ல. பறந்த நேரத்தையும் செய்த வேலையையும் பதிவு செய்யும் லாக் புக்கைக் கேட்டேன். அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். நான் வந்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான், 2025 அக்டோபரில், டிஜிசிஏ முதல்முறையாகப் பயிற்சிப் பள்ளிகளின் தரவரிசையை வெளியிட்டது. மேலே இருந்த ஏ பிளஸ் பிளஸ், ஏ பிளஸ் இரண்டிலும் ஒரு பள்ளிகூட இல்லை. பட்டியலைப் பாருங்கள், கட்டாயம் பாருங்கள். ஆனால் அதோடு நிறுத்திவிடாமல் பஸ் ஏறிப் போய் நேரிலும் பாருங்கள்.

மூன்றாவது பள்ளி தக்காணத்தில், மூடுபனி குறைவான ஊரில். அலுவலகத்தில் மின்விசிறிதான். நான் இன்ஜின் ஃபிட்டர் என்றதும் அங்கிருந்த ஏஎம்இ (விமானப் பராமரிப்பு இன்ஜினியர்), ஐம்பது வயதுக்காரர், நேராக ஹேங்கருக்கே அழைத்துப் போய்விட்டார். நூறு மணி நேர இன்ஸ்பெக்‌ஷனுக்காக ஒரு செஸ்னா 172-ஐத் திறந்து வைத்திருந்தார்கள். கழற்றிய ஸ்பார்க் பிளக்குகள் எந்த சிலிண்டரில் இருந்து வந்தன என்று எண் எழுதிய மரத்தட்டில் வரிசையாக இருந்தன. கீழே எண்ணெய்த் தட்டு. தரை துடைத்திருந்தது. அந்த மரத்தட்டைப் பார்த்ததும் துண்டிகல்லில் என் முதல் கார்ப்பரல் அடித்துச் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்தது. கேட்காமலேயே லாக் புக்கை எடுத்து வைத்தார். போன மாதம் 480 மணி நேரம், 32 மாணவர்கள். ஆளுக்குப் பதினைந்து.

கட்டணம் எப்படி என்று கேட்டேன். பறக்க பறக்க, இருபத்தைந்து மணி நேரத்துக்கு ஒரு தவணை. இடையில் விலகினால் மீதி எப்படித் திரும்ப வரும் என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருந்தது. மனைவிக்குப் போன் செய்து அந்தப் பக்கத்தை அப்படியே படித்துக் காட்டினேன். "இதுல சேருங்க" என்றாள்.

ஹாஸ்டலில் பையன்கள் எல்லாம் பத்தொன்பது, இருபது. அங்கிள் என்றுதான் கூப்பிடுகிறார்கள். என் பயிற்றுநருக்கு 26 வயது. நான் அவரை மேடம் என்கிறேன், அவர் என்னை சார் என்கிறார். முதல் பத்து மணி நேரம் லேண்டிங்கில் விமானத்தின் மூக்குக்கு மிக அருகிலேயே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "சார், ரன்வேயின் கடைசியைப் பாருங்க" என்று ஒரே வாக்கியத்தைப் பொறுமையாக எத்தனை தடவை சொன்னாரோ.

போன மாதம்தான் என் முதல் சோலோ, பயிற்றுநர் இல்லாமல் தனியாகப் பறப்பது. காலை ஆறரை மணி. இறக்கைக்கு அடியில் எரிபொருளைக் கொஞ்சம் குவளையில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். தெளிவான இளநீலம், அடியில் தண்ணீர் இல்லை. விமானத்தின் நிலையைப் பதிவு செய்யும் டெக் லாகைத் திறந்தேன். எங்கள் விமானப்படையில் அதற்கு எஃப்-700 என்று பெயர். அதில் 'வேலை செய்தவர்' என்ற கட்டத்தில் இருபது வருடமாகக் கையெழுத்துப் போட்டுப் போட்டுப் பழகிய கை, அன்றும் தன்னால் அங்கேயே போனது. நிறுத்தி, கேப்டன் கட்டத்துக்குக் கொண்டுவந்து கையெழுத்துப் போட்டேன்.