மாத்திரைக்கு அப்புறம்தான் காபி

தைராய்டு புற்றுநோய்க்காகச் சுரப்பியை முழுசாக எடுத்தபின், அது செய்த வேலையை இப்போது ஒரு சின்ன மாத்திரை செய்கிறது. விடிந்ததும் வெறும் வயிற்றில் லெவோதைராக்ஸின். அப்புறம் ஒரு மணி நேரம் காபி கிடையாது. கோயமுத்தூர்க்காரிக்கு இதைவிடப் பெரிய தண்டனை உண்டா! கால்சியம் மாத்திரைக்கோ 4 மணி நேர இடைவெளி, இல்லாவிட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது.

காலையில் ரேஸ்கோர்ஸில் நடை. தாத்தாக்கள் என்னைத் தாண்டிப் போகிறார்கள், போகட்டும். கழுத்தை மெல்லத் திருப்பும்போது தழும்புக்கு மேலே தோல் இழுக்கிறது. நின்று, மூச்சு விட்டு, மறுபடி திருப்புகிறேன். "கனமா எதையும் தூக்காத கண்ணு" என்று அமுச்சி இன்னும் விடுவதாயில்லை. டாக்டரே சரின்னுட்டாருங்க அமுச்சி!

சாப்பாட்டில் புதுமை ஒன்றுமில்லை. கொள்ளுப் பருப்பு, கம்பஞ்சோறு, கீரைக் கடைசல், முட்டை. அரிசிம்பருப்புச் சோற்றில் நெய்யைக் குறைத்திருக்கிறேன், அதுவும் அரை மனதாக. தைராய்டுக்கு ஆகாது, முட்டைக்கோஸைத் தொடாதே என்று வாட்ஸ்அப்பில் தினம் ஒரு அறிவுரை. சுரப்பியே இல்லை, கோஸ் இனி யாரை என்ன செய்யும்?

சென்னிமலைக்கு 1320 படிகள். தைப்பூசத்துக்கு ஏறலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். மாத்திரை அளவு சரியா என்று காட்டும் ரத்தப் பரிசோதனையான டிஎஸ்ஹெச், அதன் அடுத்த ரிசல்ட் வரட்டும் என்றிருக்கிறார்.