குடுக்க மாட்டேன்னு சொன்னா

"சார், பாஸ்போர்ட்ட குடுக்க மாட்டேன்னு சொன்னா, அன்னைக்கி ராத்திரி என்னை எங்க படுக்க வெப்பாங்க?"

வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் நடத்தும் பயிற்சி வகுப்பில், மதியச் சாப்பாட்டுக்கு எல்லாரும் எழுந்து போன பிறகு, அந்த அம்மா மட்டும் பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்று கேட்டார். குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிறவர். முதல் பயணம், துணைக்கு யாரும் இல்லை. பாஸ்போர்ட் உங்கள் கையில்தான் இருக்க வேண்டும், யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள் என்று காலையில்தான் வகுப்பில் வழக்கம்போலச் சொல்லியிருந்தேன்.

"வாங்கி வெச்சுக்க அவங்களுக்குச் சட்டத்துல உரிமை இல்லம்மா. தைரியமா சொல்லுங்க" என்றேன்.

"சரிங்க சார்" என்று தலையை ஆட்டினார். கையிலிருந்த நோட்டில் ஒரு வரி எழுதிக்கொண்டார். சாப்பிடப் போய்விட்டார்.

நடந்தது இவ்வளவுதான். படுக்க இடம் எங்கே என்று கேட்டவருக்கு நான் சட்டம் சொல்லியிருக்கிறேன் என்பது, சாயங்காலம் சான்றிதழ்களில் கையெழுத்துப் போடும்போதுதான் உறைத்தது. அதற்குள் அவர் பேருந்து பிடிக்கக் கிளம்பிவிட்டார்.

சொன்னது தப்பா என்றால், தப்பில்லை. 1967ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டம் 17ஆவது பிரிவுப்படி, பாஸ்போர்ட் மத்திய அரசின் சொத்து. யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கே அது சொந்தமில்லை எனும்போது, அவரை வேலைக்கு எடுத்தவருக்கு அதில் என்ன பாத்தியதை இருக்க முடியும்? குவைத்தும் வீட்டுப் பணியாளர்களுக்கென்று 2015இல் தனிச் சட்டம் கொண்டுவந்தது, 68ஆம் எண் சட்டம். நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, வருஷத்துக்கு 30 நாள் சம்பளத்தோடு விடுப்பு, கணக்கை முடித்துக்கொண்டு வரும்போது வருஷத்துக்கு ஒரு மாதச் சம்பளம். அடுத்த ஆண்டே குறைந்தபட்சச் சம்பளம் 60 தினார் என்று நிர்ணயித்தார்கள். பாஸ்போர்ட்டையும், அந்த ஊர் அடையாள அட்டையான சிவில் ஐடியையும் முதலாளி பிடித்து வைக்கக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. பணியாளரின் சம்மதம் இருந்தாலொழிய.

இந்தக் கடைசித் துண்டை வகுப்பில் நான் விரித்துச் சொன்னதே இல்லை. ஒரு நாள் பயிற்சி. அதற்குள் ஒப்பந்தம், காப்பீடு, விமான நிலையம், வங்கிக் கணக்கு, அந்த ஊர்ச் சட்டதிட்டம் என்று எல்லாவற்றையும் சொல்லி முடிக்க வேண்டும். விதிவிலக்கையும் சேர்த்துச் சொன்னால் விதி மறந்துபோகும், விதிவிலக்குதான் மனதில் நிற்கும் என்று நினைத்தேன். இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனால் அந்த இரவை ஒருமுறை கடைசி வரை நடத்திப் பார்க்க வேண்டும். ஊரிலிருந்து பேருந்தில் சென்னை. விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே வந்து நிற்க வேண்டும். நேர் விமானம் என்றால் சுமார் 5 மணி நேரம். வேறு ஊரில் இறங்கி மாறுவதாக இருந்தால் ஒரு பகலும் ராத்திரியும் அதிலேயே போய்விடும். மாறிப் போகிறவர்களுக்கு நான் சொல்வது: சென்னையிலேயே இரண்டு போர்டிங் பாஸையும் கேட்டு வாங்குங்கள், பெட்டிக்கு ஒட்டுகிற சீட்டில் கடைசி ஊர் குவைத் என்று இருக்கிறதா பாருங்கள். நடு ஊரில் பெட்டி இறங்கிவிட்டால் அதைத் தேடியே அடுத்த விமானத்தைத் தவறவிட்டவர்கள் உண்டு. குவைத் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். அங்கே ராத்திரி 11 மணி என்றால் இவர் உடம்புக்கு ஒன்றரை மணி. கண் எரிகிறது, கால் வீங்கியிருக்கிறது. குடியேற்றக் கவுன்டரில் முத்திரை வைத்துத் தருகிறார்கள். வெளியே வந்தால் மக்தபிலிருந்து, அதாவது ஆள் எடுக்கும் அலுவலகத்திலிருந்து, ஓர் ஆளோ, கஃபீல் எனும் முதலாளியோ நிற்கிறார். பாஸ்போர்ட் தருகிறாயா என்று அவர் கேட்பதில்லை. கையை நீட்டுகிறார், அவ்வளவுதான். இவர் கொடுக்கிறார்.

சட்டம் சொல்கிற சம்மதம் அந்த இடத்தில் முடிந்துவிடுகிறது. வாய் திறக்காமலே.

அவர் வாங்குவதற்கு நியாயமான காரணமும் இருக்கிறது என்பதுதான் இதில் சிக்கல். வந்தவுடன் மருத்துவப் பரிசோதனை, கைரேகை, அதன் பிறகு அகாமா எனும் தங்கும் அனுமதி. முன்பெல்லாம் அகாமாவை பாஸ்போர்ட்டிலேயே ஒட்டுவார்கள். 2019இலிருந்து அதை நிறுத்தி, விவரத்தையெல்லாம் பத்தாக்காவில் சேர்த்துவிட்டார்கள். பத்தாக்கா என்று நம் ஆட்கள் சொல்வது சிவில் ஐடியைத்தான். ஆனாலும் அந்தப் பதிவுகள் முடிகிற வரை பாஸ்போர்ட் முதலாளிக்குத் தேவைப்படும். ஆக, முதல் சில வாரங்களுக்குக் கொடுக்காமல் இருக்கவே முடியாது. பத்தாக்கா வந்ததும் பாஸ்போர்ட் திரும்பி வர வேண்டும். பெரும்பாலும் வராது, பீரோவுக்குள் போய்விடும். நான் சொல்லிக்கொடுத்த "கொடுக்க மாட்டேன்" என்ற வார்த்தையைச் சொல்ல உண்மையில் ஒரு தருணமே கிடையாது. சொல்ல வேண்டிய வார்த்தை "திருப்பிக் கொடுங்கள்" என்பது. அதைச் சொல்ல வேண்டிய நேரம் விமான நிலையத்தில் இல்லை, ஆறாவது வாரமோ எட்டாவது வாரமோ, சமையலறையில் நின்றுகொண்டு. அதை நான் அன்று சொல்லவில்லை.

சொல்லியிருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும் என்றும் தோன்றுகிறது. எனக்கு அங்கே எந்த அதிகாரமும் இல்லை. அந்த அம்மா எல்லாவற்றையும் முறையாகச் செய்திருந்தவர். பத்தாவது படிக்காததால் ஈசிஆர் பாஸ்போர்ட். அந்தப் பாஸ்போர்ட்டோடு 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக குடியேற்ற அனுமதி வேண்டும். வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு 30 வயது நிரம்பியிருக்க வேண்டும், அரசு நிறுவனம் வழியாகத்தான் போக வேண்டும். அவருக்கு இதெல்லாம் சரியாக இருந்தது. ஒப்பந்தம் அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பதிவாகியிருந்தது. பிரவாசி பாரதிய பீமா காப்பீடு எடுத்திருந்தார்: இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 10 லட்சம். விசிட் விசாவில் அனுப்பி அங்கே மாற்றித் தருகிறேன் என்று சொல்லும் ஏஜென்ட்டை நம்பாமல், மாதக்கணக்கில் காத்திருந்து நேர் வழியில் வந்தவர். அப்படிப்பட்டவருக்கே என்னிடம் பதில் இல்லை என்பதுதான் என்னை அரிக்கிறது.

அதற்குப் பிறகு வகுப்பை மாற்றினேன். பாஸ்போர்ட் கையை விட்டுப் போய்விட்டால் என்ன செய்வது என்பதற்குத் தனியாக முக்கால் மணி நேரம் ஒதுக்கினேன்.

முதலில் எண். நம் பாஸ்போர்ட் எண் ஓர் ஆங்கில எழுத்தும் ஏழு இலக்கமும். அதை எழுத்து, மூன்று இலக்கம், நான்கு இலக்கம் என்று உடைத்து, போன் நம்பர் சொல்வதுபோல் வாய்விட்டுச் சொல்ல வைக்கிறேன். ஆங்கில எழுத்து தெரியாதவர்கள் இருப்பார்கள். அந்த எழுத்தின் உருவத்தை விரலால் மேசைமேல் பத்துத் தடவை எழுதச் சொல்வேன். சாப்பாட்டுக்குப் பிறகு ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை திரும்பக் கேட்பேன். இது ஏன் முக்கியம் என்றால், பாஸ்போர்ட் இல்லாமல் தூதரகத்துக்குப் போய் நிற்பவருக்கு ஊர் திரும்ப எமர்ஜென்சி சர்டிபிகேட் தருவார்கள். அவுட்பாஸ் என்றால் எல்லாருக்கும் புரியும். ஒரு வழிப் பயணத்துக்கு மட்டும் செல்லும் தாள் அது. எண்ணோ நகலோ இருந்தால் ஆள் யார் என்பது சீக்கிரம் உறுதியாகும். இரண்டும் இல்லையென்றால் ஊரிலிருந்து விசாரித்து அறிக்கை வர வேண்டும், அதுவரை காத்திருக்க வேண்டும்.

அடுத்தது நகல். முதல் பக்கம், முகவரி இருக்கும் கடைசிப் பக்கம், விசா, ஒப்பந்தம் ஆகிய நான்கையும் மூன்று செட் எடுக்க வேண்டும். ஒன்று வீட்டில், ஒன்று பெட்டியில், ஒன்று உடம்போடு. பெட்டியில் வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். துணிமணியை எடுத்து வைத்ததும் காலிப் பெட்டியை ஸ்டோர் ரூமுக்குத் தூக்கிப் போய்விடுவார்கள், அப்புறம் அதைத் தொட முடியாது. போனில் படம் இருக்கிறதே என்பார்கள். போனையும் வாங்கி வைக்கும் வீடுகள் இருக்கின்றன. ஜெராக்ஸ் தாள் வியர்வையில் இரண்டு மாதம்கூடத் தாங்காது. அதனால் முதல் பக்கத்தைச் சின்னதாக்கி நகல் எடுத்து, லேமினேட் செய்து, கைப்பையின் உள்துணிக்குள் வைத்துத் தைத்துவிடச் சொல்கிறேன்.

பத்தாக்கா எண் 12 இலக்கம். பார்த்ததும் மலைத்துவிடுவார்கள், ஆனால் அதில் ஏழு இலக்கம் அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். 1900களில் பிறந்தவருக்கு முதல் இலக்கம் 2. அடுத்த ஆறும் பிறந்த வருஷம், மாதம், தேதி. 1990 ஜூன் 15இல் பிறந்தவருக்கு 2900615 என்று தொடங்கும். மிச்சம் ஐந்தை மட்டும் மனப்பாடம் செய்தால் போதும். இதைச் சொன்னதும் வகுப்பில் எல்லாரும் அவரவர் தேதியை எழுதிப் பார்ப்பார்கள்.

இன்னொன்று, இருக்கிற வீடு எங்கே என்பதே பலருக்குத் தெரியாது. ராத்திரி காரில் கூட்டிப் போயிருப்பார்கள், பகலில் வெளியே விடுவதில்லை. ஊரில் கேட்டால் "குவைத்துல இருக்கேன்" என்பதற்குமேல் சொல்ல முடியாது. குவைத்தில் கட்டடங்களின் வாசலில் ஒரு பலகை இருக்கும், அதில் 8 இலக்க எண். குப்பை கொட்டப் போகும்போது அதைப் பார்த்து வைத்துக்கொண்டு, முதல் போனிலேயே வீட்டுக்குச் சொல்லிவிட வேண்டும். அந்த எண்ணை வைத்து வீட்டைக் கண்டுபிடித்துவிடலாம்.

பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேட்பதையும் பழக்குகிறேன். பத்தாக்கா வந்த பிறகு, சம்பளம் வாங்குகிற நாளில், மேடம் நல்ல மனநிலையில் இருக்கும்போது, ஒரு தடவை. மறுத்தால் சண்டை போட வேண்டாம், கேட்ட தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே மனிதவள ஆணையத்தில் வீட்டுப் பணியாளர் பிரிவு இருக்கிறது, புகார் கொடுக்கலாம். அந்தத் தேதி அங்கே உதவும். கோபத்தில் வீட்டை விட்டு இறங்கிவிட்டால், ஓடிப்போனதாக முதலாளி முந்திக்கொண்டு புகார் கொடுத்துவிடுவார். பிறகு பாதிக்கப்பட்டவர் இவர்தான் என்பதை இவரேதான் நிரூபிக்க வேண்டியிருக்கும். அடி, சூடு, வேறு விதமான தொந்தரவு என்றால் கணக்கே பார்க்க வேண்டாம், இறங்கி நேராகத் தூதரகத்துக்குப் போங்கள் என்று சொல்கிறேன். இந்த இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே என்று ஒருவர் கேட்டார். சாப்பாடு சரியாகத் தராத வீடு எந்தப் பக்கம் என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

இப்படி மாற்றியதில் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. புதிய பாடத்தை முதல் தடவை நடத்தியபோதே ஓட்டுநர் வேலைக்குப் போகும் ஒரு தம்பி எழுந்து, "அப்ப குடுத்துடலாம்னு சொல்றீங்களா சார்?" என்றார். இல்லை என்றேன். ஆனால் மூன்றே நிமிஷம் கொடுக்காதே என்று சொல்லிவிட்டு, முக்கால் மணி நேரம் கொடுத்த பிறகு என்ன செய்வது என்று சொன்னால், கேட்கிறவர் எதை எடுத்துக்கொள்வார்? ஒரு வகுப்புக்கு முப்பது, நாற்பது பேர். அத்தனை பேரும் அங்கே போய் நீட்டிய கையில் மறுபேச்சில்லாமல் வைத்தால், அந்தச் சம்மதத்தில் என் பங்கும் இருக்கிறது. இத்தனை பேர் கொடுக்கிறார்களே, உனக்கு மட்டும் என்ன என்று நாளைக்கு ஒருவரிடம் கேட்பார்கள். முன்பு சொன்னதே சரி, ஒருவராவது நிமிர்ந்து கேட்டிருப்பார் என்று சில நாள் தோன்றுகிறது. நிமிர்ந்து கேட்டவரை அந்த ராத்திரி எங்கே படுக்க வைத்திருப்பார்கள் என்று உடனே அந்த அம்மாவின் குரலிலேயே கேட்கிறது.

அவர் போய்ச் சேர்ந்து எப்படி இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. சான்றிதழ் கொடுத்து அனுப்புவதோடு எங்கள் வேலை முடிகிறது. பிறகு போன் செய்து கேட்கும் ஏற்பாடு இல்லை, இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். நல்ல வீடாக அமைந்திருக்கலாம். பாஸ்போர்ட் பீரோவிலேயே இருந்தும், அம்மா தவறிவிட்டார் என்று செய்தி வந்த அன்றே டிக்கெட் எடுத்து, பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவைத்த முதலாளிகளைப் பற்றியும் திரும்பி வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

போன வாரம் பலகையில் இரண்டு வரியும் எழுதினேன். மேலே பெரிதாக, "பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்". கீழே, "வாங்கிவிட்டால்" என்று போட்டு ஒவ்வொன்றாக. திரும்பிப் பார்த்தபோது எல்லாரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். முன் வரிசையில் ஒரு பெண்ணின் நோட்டு என் கண்ணுக்குத் தெரிந்தது. மேல் வரியை அவர் எழுதவில்லை. "வாங்கிவிட்டால்" என்பதிலிருந்து தொடங்கியிருந்தார்.