செங்டே: மஞ்சு பேரரசர்கள் வெயிலுக்கு ஒதுங்கிய ஊர்

செங்டே தெற்கு ரயில் நிலையத்தில் இறங்கினால், வாசலில் வந்து கையைப் பிடித்து இழுக்கும் டாக்சிக்காரர்களிடம் பேச்சே கொடுக்காதீர்கள். ஒரு டிரைவரிடம் மீட்டரைக் காட்டினோம், சிரித்தார். போனை எடுத்து 120 யுவான் என்று தட்டிக் காட்டினார். பேரம் பேசி 100-க்கு ஏறினோம். பாதி வழியில் இன்னொருவரை ஏற்றிக்கொண்டு அவரிடமும் தனியாக வாங்கிக்கொண்டார்! திரும்பும்போது அதே தூரத்துக்கு ஆப் மூலம் வந்த காருக்கு 34 யுவான்தான். பெய்ஜிங்கிலிருந்து அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்தில் சொகுசாக வந்த சந்தோஷம் அந்த டாக்சியிலேயே கரைந்துவிட்டது. "விடுங்க, ஊர் பார்க்க வந்தோமா, சண்டை போட வந்தோமா?" என்று மனைவி சொன்னதால் வாயை மூடிக்கொண்டேன்.

எப்படிப் போவது, எங்கே சாப்பிடுவது, என்ன செலவு என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியுமா என்று தெரியவில்லை, ஏனென்றால் மஞ்சு பேரரசர்கள் இங்கே கட்டிய கோடை அரண்மனை என்னை விடமாட்டேன் என்கிறது.

சீனாவின் கடைசிப் பேரரச வம்சமான மஞ்சுக்களைப் புரிந்துகொள்ளப் பெய்ஜிங் அரண்மனை மட்டும் போதாது. அது அவர்களுக்கு முன் ஆண்ட மிங் வம்சம் கட்டியது. 1644-ல் வடகிழக்கிலிருந்து வந்த மஞ்சுக்கள் அதில் குடியேறினார்கள், அவ்வளவுதான். குதிரையும் வில்லுமாக வளர்ந்தவர்களுக்கு அந்த உயர்ந்த சிவப்புச் சுவர்களும் ஜூலை வெயிலும் ஒத்துவரவில்லை. காங்சி பேரரசர் 1703-ல் செங்டேயில் கோடை அரண்மனை வேலையைத் தொடங்கினார். அவருடைய பேரன் சியான்லோங் 1792-ல்தான் முடித்தார். 564 ஹெக்டேர், சுற்றி 10 கிலோமீட்டர் மதில், உள்ளே பெரும்பகுதி மலை. நுழைவுக் கட்டணம் சீசனில் 130 யுவான், அதாவது ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மேல். மலையைச் சுற்றிக் காட்டும் வண்டிக்குத் தனி டிக்கெட். நாங்கள் நடந்தே ஏறினோம். முழங்கால் இன்னும் அதை மறக்கவில்லை.

முன்வாசல் பலகையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். மஞ்சு, சீனம், மங்கோலியம், திபெத்தியம், உய்குர் என ஐந்து எழுத்துகளிலும் வாசலின் பெயர் இருக்கிறது. இந்த ஊர் எதற்கு என்பதை அந்தப் பலகையே சொல்லிவிடுகிறது. வெயில் ஒரு காரணம், பெரியம்மை இன்னொரு காரணம். புல்வெளியில் வாழ்ந்த மங்கோலியத் தலைவர்களில் பலருக்கு அம்மை வந்ததே கிடையாது. பெய்ஜிங்குக்குப் போனால் தொற்றிக்கொள்ளும் என்று பயந்தார்கள். காங்சியே சிறுவயதில் அம்மை வந்து பிழைத்தவர் என்பதுதான் அரியணைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு ஒரு காரணம். அதனால் அம்மை காணாத தலைவர்கள் பெய்ஜிங்குக்குப் பதிலாக இங்கே வந்து பேரரசரைப் பார்த்தார்கள். வடக்கே முலான் காடுகளில் இலையுதிர் கால வேட்டை, அதன்பின் கூடாரங்களில் விருந்து, மல்யுத்தம், பரிசுகள். பார்க்க உல்லாசம் மாதிரி இருக்கும், ஆனால் பாதி ராஜ்ய நிர்வாகம் அதில்தான் நடந்தது.

அரண்மனைப் பகுதியில் தங்க நிறம் தேடி ஏமாறாதீர்கள். சாம்பல் நிற ஓடு, வண்ணம் பூசாத நான்மு மரத்தூண்கள். ஈரப்பதம் கூடும் நாளில் அந்த மரம் மணக்கும் என்கிறார்கள். நாங்கள் போன அன்று பளீரென்று வெயில், ஆகவே மணம் கிடைக்கவில்லை. ஒலிபெருக்கி வைத்த சுற்றுலாக் கும்பல் ஒன்றுதான் பின்னாலேயே வந்தது. எளிமை என்று நம்பிவிடாதீர்கள், நான்மு மரத்தைத் தெற்கிலிருந்து இவ்வளவு தூரம் கொண்டுவர ஆன செலவில் தங்கமே பூசியிருக்கலாம்!

காங்சி இங்கே 36 காட்சிகளைத் தேர்ந்து நான்கெழுத்துப் பெயர் வைத்தார். சியான்லோங் இன்னொரு 36-ஐத் தேர்ந்து மூன்றெழுத்துப் பெயர் வைத்தார். தாத்தாவை மிஞ்சவும் கூடாது, சும்மா இருக்கவும் முடியாது. தாத்தா 61 ஆண்டு ஆண்டார் என்பதற்காக, 60 ஆண்டு முடிந்ததும் 1796-ல் மகனுக்கு முடியைக் கொடுத்துவிட்டு, 1799-ல் சாகும்வரை பின்னாலிருந்து ஆட்சி நடத்தியவரும் இவரேதான்.

ஏரிகளுக்கு வடக்கே புல்வெளியில்தான் 1793 செப்டம்பரில் இங்கிலாந்துத் தூதர் மெக்கார்ட்னி சியான்லோங்கைச் சந்தித்தார். இவர் 1781 முதல் 1785 வரை நம் சென்னைக் கோட்டையில் ஆளுநராக இருந்தவர். மூன்று முறை மண்டியிட்டு ஒன்பது முறை நெற்றி தரையில் படும்படி வணங்கவேண்டும் என்றார்கள். மாட்டேன் என்றார், ஒரு காலை மட்டும் மடித்தார். தூதுக்குழுவில் சீனம் பேசிய 12 வயதுப் பையன் ஸ்டாண்டனுக்குப் பேரரசர் தன் இடுப்புப் பையையே எடுத்துக் கொடுத்தார். ஆனால் வியாபாரக் கோரிக்கை ஒன்றும் ஒப்புக்கொள்ளப்படவில்லை.

சாப்பாட்டுக்கு வருகிறேன். பசியில் ஒரு சந்துக் கடைக்குள் நுழைந்தோம். மாவைப் பெரிய மர அச்சில் போட்டு, நெம்புகோலில் ஆளே ஏறி உட்கார்ந்து அழுத்துகிறார், நம் இடியாப்பம் மாதிரி கம்பி கம்பியாக நேரே கொதிக்கும் தண்ணீரில் விழுகிறது. கோதுமை இல்லை, பக்வீட் என்ற வேறொரு தானியத்தின் மாவு. மேலே காரமான குழம்பு, பூண்டு, வினிகர். மனைவி சைவம் என்பதால் மொழிபெயர்ப்பு ஆப்பில் 'இறைச்சி வேண்டாம்' என்று காட்டினோம். கடைக்கார அம்மா தலையாட்டிவிட்டு முட்டையும் தக்காளியும் போட்டு வேறு குழம்பே செய்து கொடுத்தார். இரண்டு கிண்ணமும் சேர்த்து 28 யுவான். இந்தப் பயணத்திலேயே சிறந்த சாப்பாடு இதுதான், சந்தேகமே இல்லை. கூடவே லூலூ என்ற பாதாமி (ஆப்ரிகாட்) பருப்புப் பானம், இந்த ஊர்த் தயாரிப்பு, டப்பாவில் வரும். பெய்ஜிங் அரண்மனையில் பேரரசர் தனியாகத்தான் சாப்பிடுவார், விஷம் இருக்கிறதா என்று உணவில் வெள்ளித் தகடு வைத்துப் பார்ப்பார்கள், அண்ணகர் (ஆண்மை நீக்கப்பட்ட அரண்மனைப் பணியாளர்) ஒருவர் முதலில் ருசித்த பிறகே அவர் வாயில் போகும். பாவம், சூடாக ஒரு கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிட்டிருப்பாரா!

அரண்மனைக்கு வெளியே உள்ள கோயில்களுக்குத் தனிக் கட்டணம், பட்ஜெட்டை அரிக்கிறது. ஒன்றுதான் முடியும் என்றால் புதுவோ சோங்செங் போங்கள். திபெத்தின் லாசாவில் உள்ள பொத்தலா அரண்மனையைப் பார்த்து 1767 முதல் 1771 வரை கட்டியது. தூரத்திலிருந்து பார்த்தால் பெரிய மாடிக் கட்டடம், கிட்டப்போனால் கீழ்வரிசை சன்னல்கள் பலவும் வெறும் பொய்ச் சன்னல்கள்! ஆனாலும் ஏறிப்போய் உள்முற்றத்தில் அந்தப் பொன்முலாம் கூரையைப் பார்த்ததும் பொய் மறந்துபோகிறது. பக்கத்துக் கோயில், 1780-ல் சியான்லோங்கின் 70-வது பிறந்தநாளுக்கு வந்த திபெத்திய பௌத்தத் தலைவர் பஞ்சன் லாமாவுக்காகக் கட்டியது. அவர் அதே ஆண்டு பெய்ஜிங் போய்ப் பெரியம்மையில் இறந்தார். மங்கோலியர்கள் பயந்தது வீணில்லை.

சியான்லோங்கின் மகன் ஜியாசிங் பேரரசர் 1820-ல் இங்கேயே இறந்தார். அதற்குப் பிறகு பேரரசர்கள் வருவது நின்றுபோனது. 1860-ல் ஆங்கிலேய, பிரெஞ்சுப் படைகள் பெய்ஜிங்கை நெருங்கியபோது ஷியான்ஃபெங் பேரரசர் ஓடிவந்து ஒளிந்தது இந்த அரண்மனைக்குத்தான். 1861 ஆகஸ்டில், 30 வயதில், ஒரு சின்ன உள்ளறையில் செத்தார். ஐந்து வயது மகனுக்காக எட்டுப் பேரை ஆட்சிக்குப் பொறுப்பாக வைத்தார். பக்கத்து முற்றத்தில் இருந்த அந்தப் பையனின் தாய் சிஷீக்கு இது பிடிக்கவில்லை. பட்டத்தரசி சிஆனையும் இறந்தவரின் தம்பி கோங் இளவரசரையும் சேர்த்துக்கொண்டார். அந்த எட்டுப் பேரில் ஒருவரான சுஷுன் பிணப்பெட்டியோடு மெதுவாக வந்துகொண்டிருக்க, சிஷீ மகனோடு முன்னதாகப் பெய்ஜிங் போய்விட்டார். நவம்பரில் சுஷுனின் தலை போனது. பெண்மணிக்கு வயது 25. அடுத்த 47 ஆண்டுகள், 1908-ல் சாகும்வரை, சீனாவின் கடிவாளம் பெரும்பாலும் அவர் கையில்.

அந்த அறைகளைச் சன்னல் வழியாகப் பார்க்கக் கூட்டம் முண்டும். காலையில் திறந்ததும் முதலில் அங்கே போய்விடுங்கள், ஏரியும் மலையும் பிறகு. பாஸ்போர்ட் இல்லாமல் டிக்கெட் கிடையாது. மாலை ரயில்கள் சீக்கிரம் நிரம்பிவிடுகின்றன, திரும்பும் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே கிளம்புங்கள்.