கேஇனிட் மறுத்தால் கடவுச்சொல்லைக் கடைசியாகச் சந்தேகியுங்கள்

கல்லடியிலோ காத்தான்குடியிலோ அக்கரைப்பற்றிலோ வீட்டில் இருந்தபடி, விபிஎன் போட்டு வெளிநாட்டு சேர்வரில் வேலை செய்கிறவர்கள் கேட்பது அநேகமாக ஒரே கேள்விதான்: "கடவுச்சொல் சரி, ஆனால் கேஇனிட் விடுகுதில்லை." கேஇனிட் என்பது கேர்பரோஸ் என்ற உள்நுழைவு முறையில் முதல் டிக்கெட்டை, அதாவது நுழைவுச் சான்றை, வாங்கும் கட்டளை. அது மறுப்பதில் பத்தில் எட்டுக்குக் காரணம் கடிகாரம், சேர்வர் பெயரை ஐபி முகவரியாக்கும் டிஎன்எஸ், அல்லது டிக்கெட் கிடக்கும் இடம். கட்டளைகளை இங்கே ஒலிப்பில் எழுதுகிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்.

பின்னணி சுருக்கமாக. கேர்பரோஸ், எம்ஐடியின் அதீனா திட்டத்தில் பிறந்தது. இன்று ஓடுவது ஐந்தாம் பதிப்பு. அதன் வரையறை ஆர்எஃப்சி 4120, 2005இல் வந்தது. உங்கள் கடவுச்சொல் நெற்வேர்க்கில் போவதே இல்லை. அதிலிருந்து பிறக்கும் சாவியால் இப்போதைய நேரத்தைப் பூட்டி, டிக்கெட் வழங்கும் கேடிசி என்ற சேர்வரின் 88ஆம் போர்ட்டுக்கு அனுப்புகிறது கேஇனிட். அது திறந்து பார்த்துச் சரியென்றால் முதல் டிக்கெட்டைத் தரும். பிறகு ஒவ்வொரு சேவைக்கும் வேண்டிய டிக்கெட்டை அதைக் காட்டியே வாங்குகிறீர்கள்.

உபுண்டு, டெபியனில் நிறுவவேண்டிய மென்பொருள் பொதியின் பெயர் கேஆர்பி5-யூசர். ஃபெடோரா, ரெட் ஹட்டில் கேஆர்பி5-வேர்க்ஸ்டேஷன். கேஇனிட்டுக்குப் பின் பயனர்பெயர், அட் குறி, ரெல்ம் (அந்தக் கேடிசியின் ஆட்சிப்பரப்பு) பெயர். ரெல்மைப் பெரிய எழுத்தில் அடியுங்கள். மைக்ரோசொஃப்ட்டின் பயனர் அடைவான அக்டிவ் டிரெக்டரிக்குச் சிறிய எழுத்தில் கொடுத்தால் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கிக்கொண்டு, "பதில் எதிர்பார்த்தபடி இல்லை" என்று குழப்பமாகக் கைவிரிக்கும்.

இனிக் கடிகாரம். வழமையாக 300 செக்கன் வித்தியாசம்தான் அனுமதி. தாண்டினால் "கிளொக் ஸ்கியூ டூ கிரேட்". லப்டொப்பில் விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்து இருந்தால், மதர்போர்ட் கடிகாரத்தில் விண்டோஸ் இலங்கை நேரத்தை எழுதும், லினக்ஸ் அதையே யூடிசி (உலகப் பொது நேரம்) என்று வாசிக்கும். டேட்டா இணைப்பு வந்து நேரம் ஒத்திசையும்வரை சரியாக ஐந்தரை மணித்தியாலம் முன்னால் ஓடும். விண்டோஸை யூடிசி எழுதச் சொல்லும் ரெஜிஸ்ட்ரி மாற்றம் நிரந்தரத் தீர்வு. பழைய டெஸ்க்டொப்பில் சிஆர்2032 பற்றரி செத்திருந்தால் ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பின்னும் இதே கூத்து.

இன்னொன்று நுணுக்கமானது. கேர்பரோஸ் யூடிசியை மட்டுமே பார்க்கிறது. நேர வலயம் தவறாக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. சுவர் மணிக்கூட்டைப் பார்த்து நீங்கள் கையால் திருத்தும்போதுதான் கெடுகிறது. இலங்கை நேரம் 1996இல் முன்னே தள்ளப்பட்டு, 2006 ஏப்ரலில் மீண்டும் ஐந்தரைக்கு வந்தது. அதற்கு முந்திய வலயத் தரவு உள்ள பழைய பெட்டி அரை மணித்தியாலம் கூட்டிக் காட்டும். அதைக் குறைத்து வைத்தால் யூடிசி அரை மணித்தியாலம் பின்தங்கிவிடும். டைம்டேட்சிடிஎல் அடித்து, யூடிசி வரியையும் ஒத்திசைவு "யெஸ்" என்று இருப்பதையும் பாருங்கள். எம்ஐடி கிளையன்ட் கேடிசி நேரத்தோடு உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டுச் சமாளிக்கப் பார்க்கும். ஆகவே கேஇனிட் வென்றபின் சேவை மறுத்தால், மறுமுனை சேர்வரின் கடிகாரத்தையும் பாருங்கள்.

"ரெல்முக்குக் கேடிசி கிடைக்கவில்லை" என்றால் விபிஎன்னின் டிஎன்எஸ்ஸை உங்கள் கணினி பாவிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். "கேடிசியைத் தொடர்புகொள்ள முடியவில்லை" வேறு கதை. அக்டிவ் டிரெக்டரியில் பல குழுக்களில் இருப்பவரின் டிக்கெட் பெருத்துவிடும். யூடிபி என்ற அனுப்பும் முறையில் துண்டாகிப் போகும் தரவுப் பொதிகளை விபிஎன் சுரங்கமோ மொபைல் இணைப்போ விழுங்கிவிடும். கேஆர்பி5.கொன்ஃப் கோப்பின் லிப்டிஃபோல்ட்ஸ் பகுதியில் யூடிபி_ப்ரிஃபரன்ஸ்_லிமிட் என்பதை 1 ஆக்கினால் முதலில் டிசிபி என்ற மற்ற முறையில் முயலும். எதற்கும் பிடிபடாவிட்டால் கேஆர்பி5_ட்ரேஸ் என்ற சூழல் மாறியைப் பெரிய எழுத்தில் எழுதி ஸ்டிடிஎரருக்கு, அதாவது திரைக்கு, திருப்புங்கள். எந்த ஐபிக்குப் போனது, என்ன பதில் வந்தது எல்லாம் வரி வரியாக வரும். ஊகிப்பதை விட இது எவ்வளவோ மேல்.

டிக்கெட் கிடைத்ததும் கேலிஸ்ட் அடியுங்கள். முதல் வரி கேஷ், அதாவது டிக்கெட் சேமிப்பு, இருக்கும் இடம். அடுத்தது உங்கள் பெயர். கீழே தொடக்க நேரம், முடியும் நேரம், சேவை. "ரினியூ அன்டில்" என்ற வரி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அக்டிவ் டிரெக்டரியின் வழமை 10 மணித்தியாலம், புதுப்பிக்க 7 நாள். கேஇனிட்டின் சிறிய எல் தெரிவில் ஆயுளையும் சிறிய ஆர் தெரிவில் புதுப்பிப்பு எல்லையையும் கேட்கலாம். கேட்டதெல்லாம் கிடைக்காது, கேடிசியின் உச்சவரம்பு, உங்கள் கணக்கின் வரம்பு, டிக்கெட் வழங்கும் சேவையின் கேஆர்பிடிஜிடி கணக்கின் வரம்பு மூன்றிலும் குறைந்ததே செல்லும். எம்ஐடி கேடிசியில் புதுப்பிப்பு வரம்பு இயல்பாகப் பூச்சியம். 7 நாள் கேட்டும் சத்தமில்லாமல் சாதாரண டிக்கெட் வருவது இதனால்தான்.

கேஇனிட்டின் பெரிய ஆர் தெரிவு, கடவுச்சொல் இல்லாமல் புதுப்பிக்கும். டிக்கெட் உயிரோடு இருக்கும்போது மட்டும். கரண்ட் போய் லப்டொப் இரவு முழுக்கத் தூங்கினால் காலையில் அது பயன்படாது, மறுபடி கடவுச்சொல்தான். நீண்ட வேலைகளுக்கு, தானாகப் புதுப்பிக்கும் கேரினியூவைப் பின்னணியில் ஓட விடுங்கள். பெரிய கே தெரிவுக்கு 60 கொடுத்தால் மணிக்கொரு தரம் பார்த்துக்கொள்ளும்.

மனிதர் இல்லாமல் ஓடும் வேலைக்கு, கணக்கின் சாவியைச் சேமித்து வைக்கும் கீடாப் கோப்பு. அனுமதி 600 (உரிமையாளர் மட்டும் வாசிக்க, எழுத), அதை வைத்திருப்பவர் அந்தக் கணக்கையே வைத்திருப்பவர். நிர்வாகக் கருவியான கேஅட்மினில், கீடாப்பில் சாவி சேர்க்கும் கேடிஅட் அடித்தால் அது சாவியைப் புதிதாக மாற்றிவிடும். சொந்தப் பயனர் கணக்குக்குச் செய்தால் உங்கள் கடவுச்சொல்லே செல்லாமல் போகும். கடவுச்சொல்லை மாற்றினால் பழைய கீடாப் "ப்ரீஒதென்டிகேஷன் ஃபெயில்ட்" என்று விழும்.

"டிக்கெட் எடுத்தேன், ஆனால் இல்லை என்கிறது" என்பவர்கள் பெரும்பாலும், ரூட் என்ற நிர்வாகிக் கணக்கில் கட்டளையை ஓட்டும் சூடோவைப் பாவித்தவர்கள். கேஷ், டெம்ப் கோப்புறையில் கேஆர்பி5சிசி_1000 என்று பயனர் எண்ணோடு கிடக்கும். ரூட் தேடுவது 0 என்று முடியும் கோப்பை. நேரம் குறித்துத் தானாக ஓடும் க்ரொன் வேலையிலும் இப்படித்தான். கேஆர்பி5சிசிநேம் மாறியில் இடத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள். ஃபெடோராவில் கேசிஎம் என்ற வேறு வகைக் கேஷ் இருப்பதால் டெம்பில் தேடி மெனக்கெட வேண்டாம்.

முதல் டிக்கெட் இருந்தும் "சேர்வர் தரவுத்தளத்தில் இல்லை" என்று வந்தால், ஐபியிலிருந்து பெயருக்குத் திரும்பத் தேடியபோது வேறு பெயர் வந்திருக்கலாம். கேஆர்பி5.கொன்ஃப் கோப்பில் ஆர்டிஎன்எஸ்ஸை (அந்தத் திரும்பத் தேடலை) ஃபோல்ஸ் ஆக்கி, கேவிஎன்ஓ கட்டளையால் அந்தச் சேவையின் டிக்கெட்டை மட்டும் கேட்டுப் பாருங்கள்.

பொதுக் கணினியில் எழும்பும்போது கேடெஸ்ட்ராய், பல கணக்குகள் இருந்தால் பெரிய ஏ தெரிவோடு. இது உள்ளூர்க் கேஷை மட்டுமே அழிக்கும்; யாராவது முன்னமே பிரதி எடுத்திருந்தால் அந்த டிக்கெட் காலாவதியாகும்வரை செல்லும். விண்டோஸ் டெர்மினலில் இதற்கு ஈடு, கேலிஸ்ட் பர்ஜ்.