கேஸ் டேங்கர்ல ஏறப் போற தம்பிகளுக்கு, சம்பளத்தைக் கேக்கறதுக்கு முன்னாடி

போன வாரம் எங்க அக்கா பையன் வீட்டுக்கு வந்து உக்காந்தான், "மாமா, கேஸ் டேங்கர்ல ஏறிக்கலாம்னு இருக்கேன், மாசம் எவ்ளோ நிக்கும்?"னான். எல்லாரும் மொதல்ல கேக்கறது இதத்தான். ரெண்டு வருசமா டிப்பர் ஓட்டறான், கை நல்ல கை, அதுல குறையே சொல்ல முடியாது, ஆனா டேங்கர் வேற கதைங்க. அவன்கிட்ட ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் பேசுனத இங்க எழுதி வெக்கறேன், நாமக்கல் பக்கம் இன்னும் நாலு பேருக்கு ஆகும்.

காசு விசயத்துக்கே வர்றேன். சில ஓனர் மாச சம்பளம் கொஞ்சம், டிரிப்புக்கு படி தனின்னு தருவாங்க, சில பேர் சம்பளமே கெடையாது, டிரிப் கணக்குதான். ரெண்டுலயும் நம்ம காசு வண்டி உருண்டாத்தான். ஆனா கேஸ் வண்டி உருள்றதவிட நிக்கறதுதான் அதிகம்! மங்களூர்ல லோடுக்கு வரிசை, அங்க ஏத்தி சிராடி மலை ஏறி ஹாசன், பெங்களூர், ஓசூர்னு எறங்கி ஈரோடுல சிலிண்டர் ரொப்பற பிளாண்டுக்கு வந்தா இங்க டேங்க் ஃபுல்லு, காலி ஆகற வரைக்கும் வெளிய நில்லும்பான், நடுவுல ஞாயித்துக்கெழம வந்துட்டா அன்னிக்கும் போச்சு. ஓட்டுனது ரெண்டு நாளு, நின்னது நாலு நாளுன்னு எத்தனையோ டிரிப் பாத்திருக்கேன். போன வருசம் எனக்கு நல்ல மாசம்னா 28,000 வந்துச்சு, மோசமான மாசம் 16,000 தான், ரெண்டு மாசமும் அதே வண்டி அதே ரூட்டு, வித்தியாசம் பூரா கேட்டுக்கு வெளிய நின்ன நாளுதான். சோறு, டீ, குளியல் எல்லாம் அந்த நாலு நாளும் நம்ம கைக்காசு. அதனால வேலைக்குப் போறப்ப "வெயிட்டிங் நாளுக்கு படி உண்டுங்களா"ன்னு மொதல்லயே கேட்டுருங்க. கேக்கறதுக்கு கூச்சப்பட்டு நான் மூணு வருசம் வீணாக்குனேன்.

அப்பறம் பிடித்தம். ஏத்துன எடைக்கும் எறக்குன எடைக்கும் வித்தியாசம் வந்தா ஷார்ட்டேஜ்னு யார் தலைல விழும், டயர் வெடிச்சா யார் கணக்கு, டீசல் மைலேஜ் கொறஞ்சா என்ன, இதெல்லாம் பேசிக்கணும். கிருஷ்ணகிரி தாண்டி ஒரு தடவ பின் டயர் வெடிச்சதுக்கு அப்ப இருந்த ஓனர் என் செட்டில்மென்ட்ல பாதி டயர் காச புடிச்சுட்டாரு, அது தேஞ்சதுக்கு மேல புது ரப்பர் ஒட்டி ரெண்டு தடவ ரீட்ரெட் பண்ணுன டயருங்க. பேரு வேண்டாம் விடுங்க.

இப்ப டிரைனிங். ஹெவி லைசென்ஸ் இருந்தா மட்டும் பத்தாது, மேல ஹசார்டஸ் எண்டார்ஸ்மென்ட் வேணும், அதாவது ஆபத்தான சரக்கு ஓட்டலாம்னு லைசென்ஸ்லயே எழுதி வாங்கறது. அதுக்கு மூணு நாள் கிளாஸ். தமிழோட இங்கிலீஷும் எழுதப் படிக்கத் தெரியணும்னு ரூல்லயே இருக்கு, ஏன்னா டேங்க்ல ஒட்டியிருக்கற போர்டும் ஆபத்து வந்தா என்ன பண்ணணும்னு எழுதி கையில தர்ற டிரெம் கார்டும் படிச்சாகணும். போர்டுல 1075னு நம்பர் இருந்தா கேஸ்னு அர்த்தம், தீயணைப்புக்காரங்க தூரத்துல இருந்து அதத்தான் பாப்பாங்க. முன்னாடி வருசா வருசம் புதுப்பிக்கணும், 2019ல சட்டம் மாத்துனதுக்கு அப்பறம் மூணு வருசத்துக்கு ஒருக்கா, அதுக்கும் ஒரு நாள் கிளாஸ் இருக்கு.

கிளாஸ்ல நல்லாத்தான் சொல்லித் தர்றாங்க. கேஸ் காத்தவிட கனம், பள்ளத்துல போயித் தேங்கும், லீக்கானா காத்து வர்ற பக்கமா ஓடணும், இன்ஜின ஆஃப் பண்ணி மெயின் சுவிட்ச கட் பண்ணணும், கேஸ் லீக்குக்குன்னு இருக்கற அவசர நம்பர் 1906க்கு போன் அடிக்கணும். எல்லாம் சரி. ஆனா 18 டன் கேஸ், கணக்கு போட்டா வீட்டு சிலிண்டர் 1,260க்கு மேல வரும், அது பின்னாடி தண்ணி மாதிரி ஆடிக்கிட்டு வர்றப்ப வளைவுல எப்ப பிரேக்க விடணும்னு மூணு நாள்ல எவனாலயும் சொல்லித் தர முடியாதுங்க. டேங்க் முழுசா ரொப்ப மாட்டாங்க, சூட்டுல விரியறதுக்கு எடம் விட்டு 85 சதவீதம்தான், அந்த மிச்ச எடத்துலதான் அலையடிக்குது. டிப்பர்ல ஜல்லி உக்காந்த எடத்துலயே கெடக்கும், இது நீங்க பிரேக் அடிச்சு வண்டி நின்னதுக்கு அப்பறமும் ஒரு தடவ முன்னாடி வந்து முட்டும். மொத தடவ முட்டுனப்ப எவனோ பின்னாடி வந்து இடிச்சுட்டான்னு எறங்கிப் போயி பாத்தேன்.

2012ல கண்ணூர் பக்கம் சாலாவுல டேங்கர் டிவைடர்ல மோதி 20 பேர் போனாங்க. 2025 ஜனவரி 3 கோயம்புத்தூர் அவிநாசி ரோடு பாலத்துல கொச்சில இருந்து வந்த 18 டன் டேங்கர் முன் வண்டில இருந்து கழண்டு உருண்டுச்சு, பக்கத்து ஸ்கூலுக்கெல்லாம் லீவு விட்டாங்க, சாயங்காலம் வரைக்கும் டேங்க் மேல தண்ணிய பீச்சிக்கிட்டே இருந்து தூக்குனாங்க, நல்லவேளை ஒரு உயிரும் போகல. அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் எங்க வீட்டுல இருந்து எனக்கு போன் மேல போன்.

நான் கத்துக்கிட்டது இடது பக்க சீட்டுல. ஒன்றரை வருசம் கிளீனர். டிரைவர் அண்ணன் ஒண்ணும் வாயத் தொறந்து சொல்ல மாட்டாரு, சிராடி எறக்கத்துல எந்த எடத்துல கியர கொறைக்கறாருன்னு நான் விரல் விட்டு எண்ணிக்கிட்டே வருவேன். லோடு ஏத்தற டெர்மினல் கேட்டுல போன், தீப்பெட்டி, பீடி எல்லாம் எடுத்து வெச்சுட்டு உள்ள போறது, தீப்பொறி வராம இருக்க மாட்டற எர்த்திங் கிளிப்ப மாட்டாம ஹோஸ தொடக்கூடாதுங்கறது, காலி டேங்கர்தானேன்னு அசால்ட்டா இருக்கக் கூடாதுங்கறது, ஏன்னா உள்ள கேஸ் இருந்துக்கிட்டேதான் இருக்கும், எல்லாம் அங்க பாத்ததுதான்.

இப்ப அந்த சீட்டு காலி. கிளீனர் வேலைக்கு பசங்க வர்றதில்ல, ஓனருக்கும் ஒரு ஆள் செலவு மிச்சம். 2025 மார்ச் கடைசில டேங்கர் ஸ்ட்ரைக் நடந்துச்சே, அதுல ஒரு சண்டை இதுதான், ரெண்டாவது ஆள் இல்லாட்டி 20,000 அபராதம்னு ஆயில் கம்பெனிங்க புது டெண்டர்ல போட்டாங்க. ஓனருங்க கஷ்டம் எனக்கும் புரியுது, ஆள் எங்க கெடைக்குது? ஆனாலும் அந்த ஒரு விசயத்துல நான் கம்பெனி பக்கந்தான். ராத்திரி மூணு மணிக்கு கண்ணு சொக்கறப்ப பக்கத்துல ஒருத்தன் பேச்சுக் குடுத்துக்கிட்டு இருக்கறது எவ்ளோ பெரிய விசயம்னு ஓட்டுனவனுக்குத்தான் தெரியும்.

மாப்ளகிட்ட சொன்னேன், ஹசார்டஸ் எடுத்துக்கோ, ஆனா ஆறு மாசம் ரெண்டாவது ஆளா போ, படி பாதிதான் வரும், பரவால்ல. மூஞ்சி சுருங்கிப் போச்சு. ரெண்டு வருசம் டிப்பர் ஓட்டுன என்னைப் போயி கிளீனரா போகச் சொல்றியான்னு கேப்பான்னு பாத்தேன், அதையும் கேக்கல. எந்திரிச்சுப் போறப்ப வாசல்ல நின்னுக்கிட்டு "வெயிட்டிங் படி எவ்ளோன்னு கேக்கட்டுமா?"ன்னான்.

அத மட்டும் கேட்டுட்டு வா, மிச்சத்த அப்பறம் பேசிக்கலாம்னு அனுப்பி வெச்சேன்.